பசுமைக் கட்டட நியமங்களும் வளர்முக நாடுகளும்

மனிதனுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவின் குற்றத்தை நாம் அன்றே உணர்கின்றோம். உடையின் குற்றத்தைச் சில மாதங்களில் உணர்கின்றோம். உறையுளின் குற்றமோ இரண்டு தலைமுறை கடந்தும் நிலைத்து நிற்பது. பிழைபடக் கட்டிய வீடு அதில் வாழ்வாரை ஐம்பது ஆண்டு வெப்பத்தில் வாட்டும். கட்டுங்காலத்துக் கொடுத்த விலை ஒருமுறை கொடுத்ததோடு முடிந்துவிடும். அதனுள் வாழ்வதன் பொருட்டு மின்சாரத்துக்கும் நீருக்குமாகக் கொடுக்கும் விலையோ திங்கள்தோறும் தொடர்வது. விழாக் காலங்களிற் புதிய மண்டபங்களுக்கு அடிக்கல் நாட்டுதல் கல்லூரிகளின் மரபாதலின், நல்ல கட்டடம் எது, அதன் நன்மையை எதனால் அளப்பது என்னும் வினாக்களைச் சிறிது ஆராய்தற்கு விழா மலரொன்று ஏற்ற இடமேயாகும்.

பசுமைக் கட்டடம் என்றவுடன் மாடியிற் செடிகொடி வளர்த்த கட்டடமென எண்ணுவாரும் உளர். அச்சொல்லின் பொருள் அதனினும் விரிந்தது. அமைந்த நிலத்தைக் கெடுக்காமலும், நீரையும் சக்தியையும் சிக்கனமாகச் செலவிட்டும், அயலிற் கிடைக்கும் பொருள்களைப் பெரிதும் பயன்படுத்தியும், உள்ளிருப்போர்க்கு ஒளியும் காற்றும் குறைவற நல்கியும் நிற்பதே பசுமைக் கட்டடம் எனப்படும். உலகிற் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டடங்களில் ஒளியேற்றவும், குளிரூட்டவும், வெப்பமூட்டவும், சமைக்கவும் செலவாகின்றது. கட்டும் பொருள்களை ஆக்குதற்கு வேண்டுஞ் சக்தி இதற்கு வேறாகும். சீமெந்து ஒன்றனையே எடுத்துக்கொள்வோம். சுண்ணக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்திற் சுட்டே அது ஆக்கப்படுகின்றது. சுடுதற்குரிய எரிபொருளிலிருந்து மட்டுமன்றிச் சுண்ணக்கல்லிலிருந்தும் கரியமிலவாயு வெளிப்படும். அதன் மற்றொரு விலையையும் நம்மவர் அறிவர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் நின்றது; அதற்கெனக் கல் அகழ்ந்த குழிகள் இன்றும் உள.

கட்டடக் கலைக்கு நியமம் வகுத்தல் நமக்குப் புதிதன்று. மனைநூல்கள் பல நம்மிடையே வழங்கின. நெடுநல்வாடையில், அரண்மனை அமைக்க முற்பட்ட நூலறிஞர் நண்பகலில் நாட்டிய கோல்களின் நிழல்கொண்டு திசையைத் துணிந்து, பின்னர்க் கயிறிட்டு அளந்தமை கூறப்படுகின்றது. சூரியனையும் காற்றையும் முதலில் நோக்கி, அதன்பின் சுவரை எழுப்புதலே அவ்வறிவின் சாரம். இக்காலத்துப் பசுமைக் கட்டட நியமங்கள் கருவிகளாலும் கணக்கினாலும் வேறுபட்டனவாயினும், அவையும் அங்குநின்றே தொடங்குகின்றன.

இக்கால நியமங்களுள் முற்பட்டது 1990இல் இங்கிலாந்திற் தோன்றிய ‘பிறீயம்’ என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1993இற் பசுமைக் கட்டடப் பேரவை நிறுவப்பெற்றது. அப்பேரவை 1998இல் முதன்முதலாகப் பரீட்சித்த ‘லீட்’ என்னும் நியமமே இன்று உலகிற் பெரிதும் வழங்குவது. பரீட்சைத் தாளைத் திருத்துவது போன்றதே அதன் முறை. இடத்தெரிவு, நீர், சக்தி, பொருள், உட்காற்று முதலிய தலைப்புகளின்கீழ்ப் புள்ளிகள் வழங்கப்படும். மொத்தம் 110 புள்ளிகளில் 40 பெற்றது சான்றிதழுக்குரியது. 50 பெற்றது வெள்ளி. 60 பெற்றது தங்கம். 80 பெற்றது பிளாற்றினம். பரீட்சையில் தனக்கு எளிய வினாக்களையே தெரிந்து விடையெழுதிச் சித்தியடையும் மாணவனைப்போல, எளிதிற் கிடைக்கும் புள்ளிகளைத் தேர்ந்து திரட்டும் கட்டடங்களும் உண்டு. இஃது இம்முறையின் இயல்பான குறை. எனினும், வெறும் புகழுரையாய் நின்றதை அளவையாக்கியமை இதனால் விளைந்த பெருநன்மை என்பதில் ஐயமில்லை.

இனி, இந்நியமங்கள் வளர்முக நாடுகளிற் புகுந்தவாற்றை நோக்குவோம். இந்தியாவில் 2001இல் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பசுமைக் கட்டடப் பேரவை தோன்றியது. அந்நகரிற் கட்டப்பெற்ற சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக நிலையம் 2003இற் பிளாற்றினத் தரம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அத்தரம் பெற்ற முதற் கட்டடம் அதுவே. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2004இல் அதனைத் திறந்துவைத்தார். பின்னர், வெளிநாட்டு அளவுகோலொன்றையே நம்பியிருத்தல் போதாதெனக் கண்டு, 2007இல் ‘கிரிகா’ என்னும் நியமம் உள்நாட்டில் வகுக்கப்பட்டது. கிருகம் என்னும் வடசொல்லை நினைவூட்டும் அப்பெயருக்கேற்ப, குளிரூட்டி இல்லாத கட்டடங்களையும் அது மதிப்பிற்கொண்டது. அவ்வாண்டிலேயே பெரிய வணிகக் கட்டடங்களுக்கான சக்திச் சேமிப்புக் கோவையும், 2018இல் வதிவிடங்களுக்கான கோவையும் வெளிவந்தன.

வதிவிடக் கோவையின் விதிகளுள் ஒன்றை ஈண்டு எடுத்துக்காட்டுதல் தகும். வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில், ஒரு வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாத அளவு திறக்கக்கூடிய வாயில்களும் சாளரங்களும் இருத்தல்வேண்டும் என்பது அவ்விதி. ‘காற்றோட்டம் வேண்டும்’ என்று நம் முன்னோர் பொதுவாகச் சொன்னதை, இம்மண்ணின் வெப்பத்தை ஆராய்ந்து ஒரு பின்னமாக்கித் தந்துள்ளனர். மேசனும் அளக்கலாம், வீட்டுக்காரரும் அளக்கலாம். நல்ல நியமத்தின் இலக்கணம் இதுவே. ஆயினும், அக்கோவை 500 சதுர மீற்றரும் அதற்கு மேற்பட்டதுமான காணிகளில் எழும் வதிவிடங்களையே முதன்மையாகக் கருதுவது. சிறுகாணியில் தன் கையாற் கட்டும் ஏழையின் வீடு அதற்குப் புறத்தே நிற்கின்றது.

நம் நாட்டின் செய்தியும் பெருமைக்குரியதே. ஜெஃப்ரி பாவா வரைந்து, பாறையோடு பாறையாய்க் காட்டினுள் மறைந்து நிற்கும் கண்டலம விடுதி 2000இல் லீட் சான்றிதழ் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அதனை முதன்முதற் பெற்ற கட்டடங்களுள் அது ஒன்று. 2008இற் சீதுவையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு பழைமையான ஆடைத் தொழிற்சாலையொன்று இடிக்கப்படாமலே திருத்தியமைக்கப்பட்டுப் பிளாற்றினத் தரம் எய்தியது. அவ்வாண்டளவிலேயே துல்ஹிரியவில் மற்றொரு தொழிற்சாலை, அழுத்திய மண்கற்களாற் சுவரெழுப்பி, நீராவியாதலாற் குளிரூட்டும் முறையைக் கையாண்டு, அதே தரத்தைப் பெற்றது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபேறான சக்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. சக்தி வினைத்திறன் மிக்க கட்டடங்களுக்கான கோவை 2008இல் வகுக்கப்பட்டது. அதனை அடுத்து இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவையும் தோன்றித் தனக்கென ஒரு தரப்படுத்தல் முறையை அமைத்தது.

பங்களாதேசத்தின் வரலாறு சிந்தனைக்குரியது. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் தேதி, சாவார் என்னுமிடத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் சரிந்து 1,134 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் ஆடை தைக்கும் தொழிலாளர். இன்று அந்நாட்டில் லீட் சான்றிதழ் பெற்ற ஆடைத் தொழிற்சாலைகள் 200க்கு மேல் உள. மேனாட்டு வாங்குவோரின் நம்பிக்கையைப் பெறவேண்டிய தேவை இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணமாகும். இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முயன்றால் ஒரு வறிய நாடும் குறுகிய காலத்தில் உயர்ந்த தரத்தை எய்தலாம் என்பது ஒன்று. எவருடைய கண்ணுக்குத் தோன்றுகின்றதோ அவருக்காகவே தரம் பேணப்படும் என்பது மற்றொன்று. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையை உலகம் பார்க்கின்றது. அங்கு தைக்கும் பெண் மாலையிற் சென்று உறங்கும் தகரக் கூரையை யார் பார்க்கின்றார்?

இவ்வினாவே நம் ஆராய்ச்சியின் மையம். வளர்முக நாடுகளிற் பசுமை நியமங்கள் விடுதி, வங்கி, தொழிற்சாலை, அலுவலகம் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதற்குரிய காரணங்கள் சில உள.

முதலாவது, அளவுகோல் பிறந்த நாட்டின் சாயல். குளிர்நாட்டவர் வீட்டினுள் வெப்பத்தைக் காத்துவைக்க முயல்வர். நாமோ அதனை வெளியேற்ற முயல்கின்றோம். கணக்கில் வகுத்த மாதிரிக் கட்டடமொன்றோடு ஒப்பிட்டுச் சக்திச் சேமிப்பை மதிப்பிடும்போது, கண்ணாடிச் சுவரெழுப்பி, அதனூடு புகும் வெப்பத்தைத் திறமிக்க குளிரூட்டியால் வெளியேற்றுங் கட்டடமும் சேமிப்புக் காட்டல் கூடும். குளிரூட்டியே வேண்டாத விறாந்தை வீட்டின் சிறப்பு அக்கணக்கில் எளிதிற் புலப்படாது. இரண்டாவது, செலவு. சான்றிதழுக்குரிய கட்டணமும் ஆலோசகர் ஊதியமும் சிறு கட்டடத்துக்குப் பெருஞ்சுமை. மூன்றாவது, நன்மையும் செலவும் வெவ்வேறு ஆள்களைச் சார்தல். வாடகைக்கு வீடு கட்டுபவர் கூரைக்கு அதிகம் செலவிட்டால், மின்கட்டணம் குறைவது குடியிருப்பவருக்கே. ஆதலின் கட்டுபவர் அச்செலவை விரும்பார். நான்காவது, அறிவு வேலைத்தலத்தைச் சென்றடையாமை. ஆங்கிலத்தில் அமைந்த கோவை பொறியியலாளர் மேசையில் இருக்கும். வீட்டைக் கட்டும் மேசனும் தச்சரும் அதனைக் கண்டதில்லை.

இக்குறைகளுட் சிலவற்றைக் களைதற்கு முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் வளர்முக நாடுகளை எண்ணி ‘எட்ஜ்’ என்னும் எளிய நியமத்தை வகுத்தது. சக்தி, நீர், பொருள்களை ஆக்கச் செலவாகுஞ் சக்தி ஆகிய மூன்றிலும் தனித்தனி 20 சதவீதம் மிச்சப்படுத்தினாற் போதும் என்பது அது வகுக்கப்பட்ட காலத்து அடிப்படையாயிருந்தது. சான்றிதழை நாடாமலே இப்பணியைச் செய்தாரும் உளர். இங்கிலாந்திற் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லோறி பேக்கர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி இடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். அதனாற் கற்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிஞ்சும். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். வறியவர்க்குக் குறைந்த செலவில் நல்ல வீடு அமைத்தலே அவர் நோக்கமாயிருந்தது.

இனி, நம் வடபகுதியைச் சான்றாகக் கொண்டு, சிறு வீட்டுக்கு ஒரு நியமம் வகுப்பின் அஃது எவற்றை அளக்கவேண்டும் எனக் காண்போம்.

முதலில் அளக்கவேண்டுவது கூரையை. யாழ்ப்பாணத்திற் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. ஏனைய மாதங்களிலும் பெரிதும் விலகிச் செல்வதில்லை. எனவே, ஒரு மாடி வீட்டினுட் புகும் வெப்பத்தின் பெரும்பகுதி கூரை வழியாகவே இறங்குகின்றது. ஓட்டுக் கூரையில் ஓடுகளின் இடைவெளியாற் சூடான காற்று வெளியேறும். இடைவெளியற்ற தகரமும் அஸ்பெஸ்டோஸ் சீற்றும் வெப்பத்தைக் கீழே இருப்போர் தலையிற் சொரியும். அன்றியும், உடையும்போது அஸ்பெஸ்டோசிலிருந்து பறக்கும் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு பயப்பது. இன்று சீற்றுக் கூரையுள்ளவர் நாளையே ஓடு போடுதல் இயலாது. ஆயினும், கீழே மட்டை கட்டி இடைவெளி விடுதலும், தகரத்தின் மேற்புறத்தை வெண்மையாக்குதலும் சிறுசெலவிலே பயன் தருவன. கிழக்கு, மேற்குச் சுவர்களே சாய்வெயிலை ஏற்பன. அப்பக்கங்களிற் சாளரங்களைக் குறைத்து, வேம்பையோ பூவரசையோ நிழலுக்கு வைத்து, சோளகமும் வாடையும் ஊடுருவும்படி வாயில்களை நேருக்கு நேராக அமைத்தல் செலவில்லாத செயலாகும்.

இரண்டாவதாக அளக்கவேண்டுவது நீரை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் துளைகளில், உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே கிணறுகளின் உயிர். ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். ஆண்டு மழையை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றராகக் கொண்டால், 100 சதுர மீற்றர்க் கூரைமீது 1,25,000 லீற்றர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,00,000 லீற்றர் மிஞ்சும். நாளொன்றுக்கு 270 லீற்றருக்கு மேல். மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பொழிந்துவிடுதலால் அனைத்தையும் தொட்டியிற் சேர்த்தல் இயலாது. குடித்தற்கும் சமைத்தற்கும் வேண்டியதைத் தொட்டியில் வைத்து, எஞ்சியதைக் கிணற்றயலில் நிலத்துக்கு ஊட்டலாம். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்கு 2007இற் செய்யப்பட்ட திருத்தம் மழைநீர்ச் சேகரிப்பை வலியுறுத்தியுள்ளது. தமிழ்நாட்டிலும் 2003இல் அதனைக் கட்டாயமாக்கி ஆணை பிறந்தது. இவற்றோடு, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் நம் நியமம் முதன்மையாகக் கொள்ளவேண்டும். இரண்டு பரப்புக் காணி நான்காகப் பிரிந்து நான்கு வீடுகள் எழும்போது, சுண்ணக்கல்லின் துளைகளூடாக ஒருவர் குழி மற்றவர் கிணற்றோடு கலக்கின்றது. நீரைச் சிக்கனப்படுத்தும் குழாய்க்குப் புள்ளி வழங்கும் நியமம் இதனைக் காணாதொழியின், அஃது இம்மண்ணுக்குரியதாகாது.

மூன்றாவதாக அளக்கவேண்டுவது பொருளை. செம்மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து பொறியால் அழுத்திச் செய்யும் மண்கல்லைச் சூளையிற் சுடவேண்டியதில்லை. அதனால் விறகு மிஞ்சும். இத்தகைய மண்கல்லுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2009இலேயே நியமம் வகுத்துள்ளது. ஆயினும், மண் என்றவுடன் வறுமையின் அடையாளமென முகஞ்சுழித்தல் நம்மவரிடம் உண்டு.

நாற்சார் வீட்டையும் கிடுகுக் கூரையையும் மீட்டும் கொணர்தல்வேண்டும் என்று ஈண்டு வாதிக்கப்படவில்லை. கிடுகை அடிக்கடி மாற்றவேண்டும், தீக்கும் அஞ்சவேண்டும், நாற்சார் வீடோ சிறுகாணியில் அடங்காது. நடுமுற்றம் வெப்பக்காற்றை மேலே போக்கி ஒளியை உள்ளே தந்ததும், தாழ்வாரம் சுவரை வெயிலிலும் மழையிலும் காத்ததும் ஆகிய காரணங்களைக் கற்று, அக்காரணங்களைப் புதிய பொருள்களில் ஏற்றுதலே அறிவுடைமை.

இத்தகைய நியமம் இல்லாமையின் விளைவை அண்மைக்காலத்தில் நாம் கண்டோம். போர் முடிந்தபின் இந்திய உதவியால் வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அதிற் பெரும்பாலான குடும்பங்கள் தலைக்கு 5,50,000 ரூபாவைப் படிப்படியாகப் பெற்றுத் தாமே கட்டின. பின்னர் 2015, 2016ஆம் ஆண்டுகளில் 65,000 வீடுகளுக்கான திட்டமொன்று எழுந்தபோது, உருக்கினாலான பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்டன. அவை நம் வெப்பத்துக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்றவையா என்பது பற்றிப் பெரும் வாதம் நிகழ்ந்தது. இறுதியில் அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. அவ்வாதத்தில் இரு சாராரும் பலவற்றைக் கூறினர். சிறு வீட்டினுள் நண்பகல் வெப்பம் எத்துணை இருக்கலாம், சுவர் எத்தனை ஆண்டு நிலைக்கவேண்டும், பழுதுற்றால் ஊர் மேசன் திருத்த இயலுமா என்று வரையறுத்த நியமமொன்று பிரதேச சபையின் கையில் இருந்திருப்பின், அளந்து பார்த்தே முடிவு கண்டிருக்கலாம். கூரையற்றுக் காத்திருந்த குடும்பங்களுக்கு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். வறியவனுக்கு நியமம் வேண்டுவது இதன்பொருட்டே. தனக்குத் தருவது எத்தகையது என்று வினவ அவனுக்கு உரிமை அளிப்பது அதுவாகும்.

ஆகவே, செய்யவேண்டுவன மூன்று. சிறு வீட்டுக்கான நியமம் பத்துப் பக்கத்துக்கு மேற்படாமல், படங்களுடன், தமிழிலும் சிங்களத்திலும் அமைதல்வேண்டும். பிரதேச சபை வரைபடத்தை அங்கீகரிக்கும்போது கூரை, காற்றோட்டம், மழைநீர், மலக்குழித் தூரம் என்னும் நான்கினையும் வினவுதல்வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகளில் மேசன்மாருக்கும் தச்சருக்கும் இவை செயன்முறையாகக் கற்பிக்கப்படல்வேண்டும்.

இவற்றைத் தொடங்குதற்குரிய இடம் பாடசாலையே. பழைய மாணவர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து மனமுவந்து அளிக்கும் பொருளாற் பல கல்லூரிகளிற் புதிய வகுப்பறைகள் எழுகின்றன. நண்பகலில் மூன்றாம் பாடவேளை தாண்டியதும், சீற்றுக் கூரையின்கீழ் இருக்கும் மாணவன் கண் செருகுவதை ஆசிரியராயினோர் யாவரும் அறிவர். இலக்கணம் விளங்காமைக்கு எப்போதும் இலக்கணமே காரணமன்று. நம் பழைய மாணவருட் பொறியியலாளரும், படவரைஞரும், கட்டட ஒப்பந்தகாரரும், சபை உத்தியோகத்தரும் பலர் உளர். இனி எழுப்பும் ஒவ்வொரு மண்டபத்துக்கும், கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறிக்குமுன், கூரையின்கீழ் வெப்பம் எத்துணை, ஆண்டுக்கு எத்துணை மழைநீர் கிணற்றைச் சேரும் என்னும் இரண்டு கணக்கையும் அவர்கள் எழுதி வாங்குவார்களாயின், அஃதே நம் நாட்டுச் சிறு கட்டட நியமத்தின் முதற்பக்கமாக அமையும். மாணவர் அதனை அளந்து பார்த்தே கற்பர். கற்றதைத் தத்தம் வீட்டுக்குக் கொண்டு செல்வர்.